செங்கோட்டை, ஜாமா மசூதி, போர் நினைவகம்: டெல்லிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒருநாள் வழிகாட்டி

டெல்லிக்கு மாற்றலாகி வந்து பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் ஊரிலிருந்து அப்பா அம்மா, சித்தி குடும்பம் என்று ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். எல்லோரும் முதலில் கேட்பது செங்கோட்டை. அங்கே போய் நின்றால் அன்று விடுமுறையாக இருக்கும். திறந்திருந்தாலும் டிக்கெட் வகை மாறிப்போயிருக்கும். உள்ளே போனவர்களும் பளிங்கு மண்டபங்களோடு திரும்பிவிடுவார்கள். இடப்பக்கம் வரிசையாக நிற்கும் ராணுவப் பாரக்குகளை, அதாவது படைவீரர்கள் தங்கிய கட்டடங்களை, யாருக்கோ சொந்தமான அலுவலகம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

அந்தப் பாரக்குகள்தான் பார்க்க வேண்டியவை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் படையும், விடுதலைக்குப் பிறகு நம் ராணுவமுமாக 2003 டிசம்பர் வரை செங்கோட்டை ஒரு ராணுவ முகாமாகவே இருந்தது. வரலாறு இத்துடன் போதும். எந்த நாளில் போவது, கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எங்கே ஏமாறுவோம் என்பதைப் பார்ப்போம்.

1. டிக்கெட்டுக்கு முன் நாளைப் பாருங்கள்

பாதிப் பேர் தவறுவது இங்கேதான். செங்கோட்டைக்கும் அதன் உள்ளே இருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சனி இரவு புறப்பட்டு திங்கள் காலை வந்திறங்கும் விருந்தாளியை நேரே கோட்டைக்கு அழைத்துப் போகத் திட்டமிடாதீர்கள்.

அடுத்த பொறி ஆகஸ்ட். சுதந்திர தினத்தன்று பிரதமர் கொடியேற்றுவது இந்தக் கோட்டையின் லாகூரி வாசல் மேலிருந்துதான். அதற்கான பாதுகாப்பு ஏற்பாட்டுக்காக ஆகஸ்ட் 15-க்கு முன் பல நாள், சில ஆண்டுகளில் பல வாரம், பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஜூலை நடுவிலிருந்தே மூடிய ஆண்டுகள் உண்டு. ஜனவரி 26-ஐ ஒட்டியும் இப்படித்தான்: கோட்டையும் மூடலாம், இந்தியா கேட் பக்கம் ஒத்திகைக்காகச் சாலைகளும் அடைபடும். ஆகவே ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 15 வரையும், ஜனவரி கடைசி இரண்டு வாரமும் ஊரிலிருந்து யாராவது வருவதாகச் சொன்னால், ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மற்ற கிழமைகளுக்கும் ஒவ்வொரு குணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்மா தொழுகை நேரத்தில் ஜாமா மசூதிக்குள் சுற்றிப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சௌக் மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மசாலாச் சந்தையான காரி பாவலியும் அப்படியே. ஆனால் கோட்டையில் கூட்டம் ஞாயிறன்றுதான் அதிகம். விடுப்பு எடுக்க முடிந்தால் செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். முடியாவிட்டால் சனிக்கிழமை காலை. திங்கள் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் கோட்டையை விட்டுவிட்டு ஜாமா மசூதி, சீஸ்கஞ்ச் குருத்வாரா (சீக்கியர் கோயில்), போர் நினைவகம் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகப் பாரம்பரிய தினமான ஏப்ரல் 18, பாரம்பரிய வாரம் தொடங்கும் நவம்பர் 19 ஆகிய நாட்களில் தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களுக்கு வழக்கமாக இலவச அனுமதி அறிவிப்பார்கள். சில பத்து ரூபாய் மிச்சப்படுத்த அந்த வரிசையில் நிற்பது வீண். காசு கொடுத்து அமைதியாகப் பார்ப்பதே மேல்.

பருவத்தில் பிப்ரவரி, மார்ச் இரண்டும் சிறந்தவை. அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை காற்று மாசு மோசமாக இருக்கும். மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில் பல மணி நேரம் தாமதமாகலாம். வந்திறங்கும் அன்றே எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கோட்டைக்குள் மண்டபத்துக்கு மண்டபம் வெட்டவெளியில்தான் நடக்க வேண்டும், கல் பாவிய தரை காலைச் சுடும்.

2. ஆவணங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு ஆதார் போன்ற ஏதாவது ஒரு புகைப்பட அடையாள அட்டை போதும். ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது எந்த அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ அந்த அட்டையையே கையில் வைத்திருங்கள். 15 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குத் தொல்லியல் துறை இடங்களில் கட்டணம் இல்லை. ஆனால் 13, 14 வயதுப் பையன் வளர்த்தியாக இருந்தால் வாசலில் கேள்வி வரும். பள்ளி அடையாள அட்டையோ ஆதாரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் குடும்பங்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம், ஏனென்றால் வெளிநாட்டவர் கட்டணம் இந்தியர் கட்டணத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்தியர் கட்டணமே கொடுத்தால் போதும். தெற்காசிய, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்புகளான சார்க், பிம்ஸ்டெக் நாட்டுக் குடிமக்கள் எல்லோருக்கும் தொல்லியல் துறை இந்தச் சலுகையை வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்தவர் வெளிநாட்டவர் வரிசையில் நின்று முழுப் பணம் கட்டிவிட்டால் பிறகு திரும்பக் கேட்க முடியாது. கவுன்டரில் முதலிலேயே நாட்டைச் சொல்லி, அசல் கடவுச்சீட்டைக் காட்டுங்கள்.

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கும் நினைவுச் சின்னங்கள், அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணத்தில் இந்தியர்களுக்குச் சமமான உரிமை உண்டு. 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையில் இது இருக்கிறது. ஓசிஐ அட்டையின் அசலைக் கொண்டு போக வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தைப் பல நேரம் ஏற்பதில்லை.

மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை, வெளிநாட்டவர் கட்டணம்தான்.

3. டிக்கெட்

கட்டணத்தை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் ரூபாய்க் கணக்கை விட வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு மட்டும் ஒரு டிக்கெட். கோட்டையோடு அருங்காட்சியகங்களையும் சேர்த்து ஒரு டிக்கெட். இந்தியருக்கு இரண்டுமே நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அருங்காட்சியகம் சேர்ந்த டிக்கெட்டையே எடுங்கள். பாரக்குகளுக்குள் இருப்பவை அந்த அருங்காட்சியகங்கள்தான். "கோட்டையைப் பார்த்தால் போதாதா" என்று குறைந்த டிக்கெட் எடுத்துவிட்டு, பாரக் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வெளியே வந்து வரிசையில் நிற்க மனம் வராமல் விட்டுவிட்டுப் போகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம்.

எடுக்க மூன்று வழி. தொல்லியல் துறையின் இணையதளத்தில் முன்பே எடுக்கலாம்; கட்டணமும் சற்றுக் குறையும். வாசலுக்கு வெளியே வைத்திருக்கும் பலகையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம். கவுன்டரில் பணம் கொடுத்தும் வாங்கலாம். வார நாட்களில் கவுன்டரே போதும். சனி, ஞாயிறில் முதல் நாள் இரவே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். கூட்ட நேரத்தில் அந்தப் பகுதியில் கைபேசி இணையம் தள்ளாடும் என்பதால் டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளம்பர இணைப்பை அழுத்தாதீர்கள். வழிகாட்டியோடு சேர்த்து விற்கும் தனியார் தளங்கள் தொல்லியல் துறை போலவே தோற்றம் காட்டும். நால்வருக்கு நானூறு ரூபாயைத் தாண்டுகிறது என்றால் நீங்கள் வேறு எங்கோ போய்விட்டீர்கள் என்று பொருள்.

தேதி போட்டு எடுத்த டிக்கெட் அந்த ஒரு நாளுக்குத்தான். ஜுரம் வந்தது, ரயில் தாமதம் என்று தேதி மாற்றிக் கேட்க முடியாது. வந்திறங்கும் விருந்தாளிகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே எடுப்பது நல்லது.

4. போய்ச் சேர

சொந்தக் காரை எடுக்காதீர்கள். அந்தப் பகுதியில் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். சாந்தினி சௌக் முதன்மைச் சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை வேறு இருக்கிறது.

மெட்ரோவில் கோட்டைக்கு நேர் எதிரே இறங்க வேண்டிய நிலையம் லால் கிலா. ஊதாப் பாதையில் இருக்கிறது. மஞ்சள் பாதையின் சாந்தினி சௌக் நிலையத்திலிருந்தும் நடக்கலாம், ஆனால் சந்துகளைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போல ஆகும். பெரியவர்களோடு அது வேண்டாம்.

தமிழர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளிலிருந்து வழி இப்படி:

மயூர் விஹார் ஒன்றாம் பேஸிலிருந்து நீலப் பாதையில் மண்டி ஹவுஸ் வந்து, ஊதாப் பாதைக்கு மாறி லால் கிலா. ஒரே மாற்றம், எல்லாவற்றிலும் எளிது இதுதான்.

கரோல் பாக்கிலிருந்து நீலப் பாதையில் ராஜீவ் சௌக் வழியாக மஞ்சள் பாதைக்கு மாறலாம் என்று வரைபடம் சொல்லும். ராஜீவ் சௌக்கின் நெரிசலில் குழந்தைகளோடு மாறுவதை விட அப்படியே உட்கார்ந்து மண்டி ஹவுஸ் போய் மாறிக்கொள்ளுங்கள். சில நிமிடம்தான் கூடும்.

ஆர்.கே.புரம், முனிர்காவிலிருந்து மெஜந்தா பாதையில் ஹௌஸ் காஸ். அங்கிருந்து மஞ்சள் பாதையில் மத்தியத் தலைமைச் செயலகம் (சென்ட்ரல் செக்ரடேரியட்). அங்கே ஊதாப் பாதைக்கு மாறி லால் கிலா.

ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள், அதாவது திருக்குறள் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள், பக்கத்தில் உள்ள இளஞ்சிவப்புப் பாதையில் லஜ்பத் நகர் வந்து ஊதாப் பாதையைப் பிடிக்கலாம்.

2025 ஆகஸ்டில் உயர்த்திய பிறகு மெட்ரோ கட்டணம் குறைந்தது 11 ரூபாய், கூடியது 64. ஐந்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை 32. பன்னிரண்டு முதல் இருபத்தொன்று வரை 43. ஞாயிறன்றும் தேசிய விடுமுறை நாட்களிலும் குறைவு. ஸ்மார்ட் கார்டுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு.

ஆட்டோவுக்கு அரசு வைத்த கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 11. ஆறு கிலோமீட்டர் என்றால் 80 ரூபாயை ஒட்டி வர வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால்தான் 250 கேட்கும்போது பேச வாய் வரும். "மீட்டர் சே சலோ, பையா" (மீட்டர் போட்டு வாங்க, அண்ணா) என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மறுத்தால் அடுத்த வண்டி. இடத்தை "ரெட் ஃபோர்ட்" என்பதை விட "லால் கிலா" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

லால் கிலா நிலையத்துக்கு வெளியே ஒருவர் பரிவாக வந்து "கோட்டை இன்று மூடல், வாருங்கள், வேறு இடம் காட்டுகிறேன்" என்பார். அவர் பேச்சைக் கேட்டு ரிக்‌ஷாவில் ஏறினால் சால்வைக் கடையில் போய் இறங்குவீர்கள். கவுன்டர் வரை உங்கள் காலால் போய், உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடல் என்பதை நம்ப வேண்டும்.

5. பையும் சோதனையும்

2025 நவம்பர் 10 அன்று லால் கிலா மெட்ரோ நிலையம் அருகே கார் வெடித்துப் பலர் இறந்தார்கள். இந்தப் பகுதியில் சோதனையை யாரும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பையைக் கீழே வைத்துவிட்டுப் படம் எடுக்க நகரக் கூடாது. காவலரையும், சோதனைச் சாவடியையும், துப்பாக்கியோடு நிற்கும் வீரரையும் படம் எடுக்கக் கூடாது.

பெரிய பை, பெட்டி எதையும் கொண்டு போகாதீர்கள். ரயிலிலிருந்து நேரே வருகிறவர்கள் புது டெல்லி நிலையத்தின் கிளோக் ரூமில் வைத்துவிட்டு வரலாம். அங்கே ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள், பெட்டிக்குப் பூட்டு இருந்தால்தான் வாங்குவார்கள். பூட்டு இல்லாத கட்டைப்பையோடு வரும் நம் ஊர்ப் பெரியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு சின்னப் பூட்டையும் ஜிப் உள்ள பையையும் ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.

தீப்பெட்டி, லைட்டர், புகையிலை, பழம் நறுக்கும் கத்தி இவற்றை வாசலில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டி வைத்திருக்கும் பாட்டிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புளிசாதப் பொட்டலத்தை உள்ளே உட்கார்ந்து பிரிக்க முடியாது. தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகலாம். ட்ரோன் கூடவே கூடாது. கேமரா ஸ்டாண்டுக்குத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் சோதனை வரிசை தனித்தனி. பிரிவதற்கு முன், உள்ளே எங்கே சேர்வது என்று பேசிக்கொள்ளுங்கள். குழந்தை யாரோடு என்பதையும்.

6. கோட்டைக்குள்: பாரக்குகளிலிருந்து தொடங்குங்கள்

காலையில் திறந்தவுடன் போங்கள். மொத்தம் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி பாரக்குகளுக்கு.

லாகூரி வாசலைத் தாண்டியதும் சத்தா சௌக் என்ற கூரை போட்ட கடைத்தெரு வரும். முத்துமாலை, பித்தளைச் சாமான், வாள் மாதிரிகள். போகும்போது எதுவும் வாங்காதீர்கள்; திரும்பும் வழியும் அதுவேதான், அப்போது பேரம் பேச நேரமும் இருக்கும்.

கடைத்தெரு முடிந்ததும் எல்லோரும் நேரே நௌபத் கானா என்ற முரசு மண்டபத்தை நோக்கி நடப்பார்கள். நீங்கள் இடப்பக்கம் பாருங்கள். முகலாயக் கட்டடக் கலைக்குச் சற்றும் சம்பந்தமில்லாத, நீண்ட தாழ்வாரங்களும் பல அடுக்குகளும் கொண்ட கட்டடங்கள் நிற்கும். அவைதான் 1857-க்குப் பிறகு, இருந்த பல மண்டபங்களை இடித்துவிட்டுக் கட்டிய படைவீரர் பாரக்குகள். அவற்றில் நான்கை அருங்காட்சியகங்களாக்கி 2019 ஜனவரி 23 அன்று, நேதாஜியின் பிறந்த நாளில், திறந்தார்கள்: நேதாஜியும் இந்திய தேசிய ராணுவமும் (ஐ.என்.ஏ.), ஜாலியன்வாலா பாக்கும் முதல் உலகப் போரும், 1857, இந்திய ஓவியங்கள்.

நேரம் குறைவு என்றால் முதலில் நேதாஜி அருங்காட்சியகம். நேதாஜி பயன்படுத்திய மர நாற்காலி, வாள், ஐ.என்.ஏ.வின் பதக்கங்கள், சீருடைகள் அங்கே இருக்கின்றன. 1945 நவம்பரில் ஐ.என்.ஏ. அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்‌ஷ் சிங் தில்லன் மூவர் மேலும் நடந்த ராணுவ விசாரணை இதே கோட்டைக்குள்தான் நடந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அந்தப் படையில் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் வளர்ந்தவர். விளக்கப் பலகைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான், தமிழ் இல்லை. ஆகவே குழந்தைகளுக்கு மெட்ரோவில் வரும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய துணியாக மட்டுமே அது தெரியும். நம் தாத்தா தலைமுறையின் கதை அங்கே இருக்கிறது என்பது தெரிந்து நுழைய வேண்டும்.

ஜாலியன்வாலா பாக் பகுதி சின்னக் குழந்தைகளுக்குக் கனமாக இருக்கும். படம் எடுக்கலாமா என்பதை ஒவ்வொரு கட்டடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரக்குகளுக்கு அருகிலேயே ஒரு படிக்கிணறு இருக்கிறது, பாவலி என்பார்கள். கோட்டைக்கு முந்திய காலத்தது. ஐ.என்.ஏ. விசாரணைக் கைதிகளை அதன் அறைகளில் அடைத்து வைத்திருந்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பெரும்பாலும் பார்க்க முடியும். வழிகாட்டிகள் பலரும் இதைக் காட்டுவதில்லை. நீங்களே கேட்டுப் போங்கள்.

இதற்குப் பிறகு நௌபத் கானா, திவான்-இ-ஆம், ரங் மகால், திவான்-இ-காஸ், தோட்டம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். பாதை தானாகவே கொண்டுபோகும். மோதி மசூதிக்கும் ஹமாம் என்ற குளியல் மண்டபத்துக்கும் உள்ளே விடுவதில்லை, வெளியிலிருந்து பார்க்கலாம். வடகிழக்கில் பாலத்துக்கு அப்பால் உள்ள சலீம்கர் கோட்டையும் ஐ.என்.ஏ. கைதிகள் இருந்த இடம்தான். எல்லா நாளும் விடுவதில்லை, அங்கே நிற்கும் காவலரிடம் "சலீம்கர் குலா ஹை க்யா?" (சலீம்கர் திறந்திருக்கிறதா?) என்று கேட்டால் தெரிந்துவிடும்.

வழிகாட்டி வேண்டும் என்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவரிடம் மட்டும் பேசுங்கள். தொகை, எத்தனை மணி நேரம், பாரக்குகள் சேர்ந்ததா என்ற மூன்றையும் முன்பே முடிவு செய்யுங்கள். மூன்றாவதைக் கேட்காவிட்டால் நாற்பது நிமிடத்தில் பளிங்கு மண்டபங்களோடு முடித்துவிடுவார்.

7. மதியம்: சாந்தினி சௌக், ஜாமா மசூதி

ஒரு மணிக்கு வெளியே வந்தால் எதிரிலேயே சாந்தினி சௌக் தொடங்குகிறது. முதலில் தெரிவது திகம்பர ஜைனக் கோயில். சற்று நடந்தால் சீஸ்கஞ்ச் குருத்வாரா. தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். துணி அங்கேயே தருவார்கள், செருப்பு வைக்கக் காசு இல்லை. லங்கர் என்ற இலவச உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எண்ணெய்ப் பரோட்டா ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு அந்த ரொட்டியும் பருப்பும் நல்ல மதியச் சாப்பாடு. தட்டில் வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுமுன் தொகையைக் கேளுங்கள். அது வண்டிக்கா, ஆளுக்கா என்பதையும் கேளுங்கள். "ஐம்பது" என்று ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது ஆளுக்கு ஐம்பது என்பது இங்கே வழக்கமான தகராறு.

ஜாமா மசூதிக்கு நடந்தே பத்து, பதினைந்து நிமிடத்தில் போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. கேமராவுக்குப் பணம் கேட்பார்கள். தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை விடுவதில்லை. மதியத் தொழுகை முடிந்து, மாலைத் தொழுகைக்கு முன், ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மணி வரை போனால் சரியாக இருக்கும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை வேண்டாம். போட்டுக்கொண்டு போனால் வாசலில் அங்கி வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். வேட்டியோ சேலையோ எந்தச் சிக்கலும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையிலேயே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெயில் காலத்தில் முற்றத்துக் கல் கொதிக்கும், காலுறை அவசியம். கோபுரம் ஏறத் தனிக் கட்டணம். பெண்கள் மட்டும் தனியாக வந்தால் ஏற விடுவதில்லை என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

8. மாலை: தேசியப் போர் நினைவகம், இந்தியா கேட்

ஜாமா மசூதி மெட்ரோ நிலையத்தில் ஏறினால் அதே ஊதாப் பாதையில் மாறாமல் மத்தியத் தலைமைச் செயலகம் வந்துவிடலாம். ஞாயிறு தவிர 32 ரூபாய். அங்கிருந்து இந்தியா கேட்டுக்குப் போகும் அகலச் சாலையான கர்தவ்யா பாத் வழியே நேராக இரண்டு கிலோமீட்டர் நடை. முடியாதவர்கள் மண்டி ஹவுஸிலேயே இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

2019 பிப்ரவரி 25 அன்று திறந்த இந்த நினைவகத்துக்கு டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை. காலை 9 மணிக்குத் திறக்கும். மாலையில் குளிர்காலத்தில் 6:30, கோடையில் 7:30 வரை. சூரியன் மறைவதற்குச் சற்று முன் கொடி இறக்கும் நிகழ்வு நடக்கும். போரில் இறந்த ஒரு வீரரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள்: குளிர்காலம் என்றால் நாலரைக்கு.

நினைவகத்தில் தியாகச் சக்கரம் என்ற வட்ட வடிவப் பகுதியின் கருங்கல் சுவர்களில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு வீரரின் பெயர், பதவி, படைப்பிரிவு. சுற்றி வந்து தேடினால் கிடைக்காது. உங்கள் ஊரிலோ உறவிலோ போரில் இறந்தவர் இருந்தால், அவருடைய பணி எண், படைப்பிரிவு, இறந்த ஆண்டு மூன்றையும் எழுதி எடுத்து வாருங்கள். நினைவகத்தின் இணையதளத்தில் பெயர் தேடும் வசதி இருக்கிறது, அங்கே வைத்திருக்கும் திரையிலும் தேடலாம். எந்தச் சுவர் என்று காட்டும். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் எழுத்துக்கூட்டல்தான். தலைப்பெழுத்து முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், அப்பா பெயர் முழுதாக இருக்கலாம். ஆறுமுகம் என்ற பெயரையே நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். பெயரில் கிடைக்காவிட்டால் பணி எண்ணை வைத்துத் தேடுங்கள். இதைக் குடும்பத்தாரிடம் வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டு, சுவரின் முன் நின்று கண் கலங்கித் திரும்புவது யாருக்கும் நேரக் கூடாது.

பக்கத்திலேயே பரம் யோதா ஸ்தலம். போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள். 1987-இல் இலங்கையில் அமைதிப் படையில் இருந்தபோது உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலை அதில் உண்டு. பலர் நேரமில்லை என்று இதை விட்டுவிடுகிறார்கள். கால் மணி நேரம் போதும், போங்கள்.

உள்ளே சாப்பிடவோ சுவர்களில் சாய்ந்து உட்காரவோ கூடாது. இந்தியா கேட் வளைவுக்குக் கீழே போக அனுமதி இல்லை. வெளியே புல்வெளியில் மருதாணி போடும் பெண்கள் கேட்காமலே கையைப் பிடித்து ஒரு கோடு இழுத்துவிட்டு நூறு, இருநூறு கேட்பார்கள். அம்மாவை, அத்தையைக் கைகளை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுச் சுவை வேண்டும் என்றால் மத்தியத் தலைமைச் செயலகத்திலிருந்து ஊதாப் பாதையில் ஒரே நிறுத்தம் ஜன்பத். அங்கே சரவண பவன் இருக்கிறது. வார இறுதியில் வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

9. நால்வருக்குச் செலவு

கோட்டை நுழைவு நானூறு ரூபாய்க்குள். மெட்ரோ மூன்று பயணம், ஆளுக்கு நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். ரிக்‌ஷா, ஒரு ஆட்டோ, தண்ணீர், தேநீர் எல்லாம் சேர்த்து முந்நூறு, நானூறு. சாப்பாடு தவிர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் நாள் முடிந்துவிடும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். ரிக்‌ஷாக்காரரிடம் ஐந்நூறை நீட்டினால் சில்லறை வராது.

10. பெரியவர்கள் கூட வந்தால்

முழு நாளையும் ஒரே மூச்சில் செய்ய வைக்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஜாமா மசூதியின் உயரமான படிகளே பெரிய தடை. அதை விட்டுவிட்டுக் கோட்டையிலிருந்து வீடு திரும்பி, போர் நினைவகத்தை இன்னொரு நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது திங்களன்றும் திறந்திருக்கும் என்பது இங்கே கை கொடுக்கும். பாரக்குகளில் மேல்தளத்துக்கு ஏற முடியாதவர்கள் கீழ்த்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே மர நிழலில் காத்திருக்கலாம். வார நாட்களில் மாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை மெட்ரோவில் நிற்க இடம் இருக்காது. கொடி இறக்கம் முடிந்ததும் ஓடாமல், கர்தவ்யா பாத் ஓரம் அரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, அங்கேயே கழிப்பறை வசதியையும் பயன்படுத்திக்கொண்டு, எட்டு மணிக்கு மேல் நிலையத்துக்குள் இறங்குங்கள்.